மறுமொழி: மாற்றிப் பொருத்திய தோல் கட்டி ஏன் மறைகிறது?

எலித்தோலில் புற ஊதாக் கதிரால் உண்டான கட்டியை வேறொரு எலிக்கு மாற்றிப் பொருத்தினால் அது மறைந்துவிடுகிறது, செய்முறையில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை பெரும்பாலும் உங்கள் செய்முறையில் இல்லை. புற ஊதா பி கதிரால் உண்டான கட்டி, அதே உள்ளினத்தைச் சேர்ந்த (மரபணு ஒத்த) கதிர்படாத எலிக்கு மாற்றியதும் சுருங்கி மறைவது, அந்த எலியின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அயலானதாக அடையாளம் கண்டு அழிப்பதால்தான். நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் மார்கரெட் கிரிப்கி 1970களிலேயே இதைக் காட்டியிருக்கிறார்.

முதல் எலியில் அது வளர்ந்தது எப்படி என்பதே சுவையான கேள்வி. மேல்தோலில் இயல்பாக உள்ள யூரோகானிக் அமிலம் கதிரை உறிஞ்சி, எதிர்ப்பாற்றலை அடக்கும் சிஸ் என்ற மூலக்கூறு வடிவத்துக்கு மாறுகிறது. எலியின் கெரட்டினோசைட்டுகள் (மேல்தோலின் முதன்மைச் செல்கள்), அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதத்தோடு எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்டர்லூகின் 10 என்ற புரதத்தையும் சுரக்கின்றன. அயலானதை எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் தோலிலிருந்து விலக, எதிர்ப்பை அடக்கும் வெள்ளணுக்களான ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகுகின்றன. இதனால் முதல் எலி கட்டியை அழிக்காமல் விடுகிறது. ஆகவே கதிர்பட்ட தோல் சிவப்பதை, அதாவது அழற்சியை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும்.

சரிபார்க்க, ஒரே கட்டியின் துண்டுகளைக் கதிர்படாத எலிகள், முன்பே பல வாரம் கதிர்பட்ட எலிகள், பிறவியிலேயே டி செல் குறைந்த ‘நியூட்’ என்னும் முடியற்ற எலிகள் ஆகிய மூன்று குழுக்களுக்கும் பொருத்துங்கள். பின்னிரண்டில் மட்டும் வளர்ந்தால் விளக்கம் இதுவே. மூன்றிலும் மறைந்தால், பொருத்தும்போது திசு உயிருடன் இருந்ததா என்று பாருங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும்: எல்லாப் புற ஊதாக் கட்டிகளும் இவ்வாறு நிராகரிக்கப்படுவதில்லை, சில, இயல்பான எலியிலும் தொடர்ந்து வளரும். எனவே ஒரே கட்டியை நம்பி முடிவெழுத வேண்டாம்.