நாதுலாவுக்கு வெளிநாட்டு மருமகனை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் சிக்கிம் தலைநகர் கேங்டாக் செல்கிறோம். அங்கிருந்து சீன எல்லையிலுள்ள நாதுலா கணவாய்க்குப் போய் ராணுவ எல்லைச் சாவடியைப் பார்க்க ஆசை. மருமகன் மலேசியக் குடிமகன். இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்தவருக்கும் அரசு தரும் ஓசிஐ அட்டை உண்டு. முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பினால் எல்லோருக்கும் அனுமதி உறுதி என்று ஒரு முகவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள்; பணமும் அனுப்பாதீர்கள். நாதுலாவுக்கான அனுமதி பெரும்பாலும் பயணத்துக்கு முந்தைய நாள்தான் கிடைக்கும். பனி விழுந்தாலோ மண் சரிந்தாலோ அன்று காலையிலேயே பாதையை மூடிவிடுவார்கள். அப்படியிருக்க, ஒரு மாதம் முன்பே உறுதி தருபவர் தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார் என்றே பொருள்.

இன்னொரு ஏமாற்று இதைவிட அதிகம் நடக்கிறது. வழியிலுள்ள சோம்கோ ஏரிக்கும் அப்பகுதியிலுள்ள பாபா மந்திர் கோயிலுக்கும் மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, அதையே நாதுலாப் பயணம் என்று சொல்லி விற்பார்கள். பாதி வழியில்தான் உங்களுக்கு உண்மை தெரியவரும். ஆகவே கேங்டாக் சென்றபின், சிக்கிம் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்ற முகவரிடமே பேசுங்கள். அனுமதிச் சீட்டில் நாதுலா என்ற பெயர் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பயணி தாமே நேரில் விண்ணப்பிக்க ஒரு சாளரம் திறந்து வைத்தால் இந்தத் தரகுத் தொழிலில் பாதி ஒழிந்துவிடும். அதைச் செய்யாமல் எல்லோரையும் முகவரிடமே அனுப்பும் ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

மருமகன் விஷயத்தில் தெளிவாக இருங்கள். நாதுலாவுக்கு இந்தியக் குடிமக்கள் மட்டுமே செல்லலாம். ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்தான். இந்தியாவின் பெரும்பாலான ஊர்களுக்கு அந்த அட்டை போதும் என்பதால் இங்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிக்கிமின் இந்த எல்லைப் பகுதி போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு ஓசிஐ அட்டைதாரரும் தனி அனுமதி பெற வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் 2021இல் வெளியிட்ட அறிவிக்கையே சொல்கிறது. மனைவி இந்தியர் என்பதும், தமிழ் பேசுகிறார் என்பதும், தோற்றத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதும் சோதனைச் சாவடியில் செல்லாது. வேறொருவரின் அடையாள அட்டையில் அழைத்துப் போகிறேன் என்று எவராவது சொன்னால் உடனே விலகிவிடுங்கள். 1967இல் இந்திய, சீனப் படைகள் மோதிக்கொண்ட கணவாய் அது, அங்கே ஆள்மாறாட்டம் சிறு குற்றமாகப் பார்க்கப்படாது. முறையான தனி அனுமதி பெற்றால் அவர் சோம்கோ வரை வரலாம்.

மற்றவர்கள் வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட்டின் நகலையும் புகைப்படங்களையும் கொண்டு செல்லுங்கள். திங்களும் செவ்வாயும் நாதுலா மூடியிருக்கும். உயரம் 14,000 அடிக்கு மேல் என்பதால் இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது. எல்லைச் சாவடியில் படம் எடுக்கத் தடை. கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு மேலே செல்லுங்கள்.