ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கிராம சபையில் ஏன் முக்கியம்?

கிராம சபை என்பது ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் உட்காரும் கூட்டம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை நடக்கிறது.

கோவில் திருவிழா முடிந்ததும் வரி கொடுத்தவர்கள் முன்னால் கணக்கு வாசிப்பார்கள் அல்லவா? அதே மாதிரிதான். ஊராட்சிப் பணம் ஊராருடையது, அதனால் கணக்கும் ஊரார் முன்னால் வர வேண்டும்.

ஆனால் வாசிப்பதைப் புரிந்து கேள்வி கேட்க ஆள் வேண்டுமே! அங்கேதான் ஆசிரியர்கள் வருகிறார்கள். எங்கள் ஊரில் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தை வரி வரியாகப் படிப்பார். "மோட்டார் பழுதுன்னு போட்டிருக்கே, எந்தத் தெரு மோட்டார்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பேசத் தயங்கும் பெண்களிடம், "நீ சொல்லும்மா, நான் எழுதித் தர்றேன்" என்பார். பாதி ஊர் அவரிடம் படித்தது, அந்த நம்பிக்கையை வேறு யாராலும் உடனே சம்பாதிக்க முடியாது. பென்ஷன் வருவதால் யாரையும் அண்டிப் பேச வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

அப்புறம், தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும்தான் கிராம சபை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஊராட்சி மன்றம். கிராம சபையில் பேச, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், யாரும் அழைக்க வேண்டியதில்லை.