அப்பாவின் பெயரில் ஓடும் கார்

கேள்வி: எனக்கு 24 வயது. லண்டன் ஹரோவில் அம்மா அப்பாவுடன் இருக்கிறேன். லிஃப்ட் திருத்தும் கம்பனியில் வேலை. சொந்தக் காரில்தான் கட்டடம் கட்டடமாகப் போகிறேன். மைலுக்கு 45 பென்ஸ் தருகிறார்கள். வருடம் 8,000 மைல், 3,600 பவுண், வரியே இல்லை. இப்போது 36,000 பவுண் பெறுமதியான எலெக்ட்ரிக் கார் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்கு வரி உண்டாம். சொந்தக் காருக்குப் பெரிய செலவு இல்லை. இன்சூரன்ஸும் அப்பாவை மெயின் டிரைவராகப் போட்டதால் பாதிதான் (அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பஸ்ஸில் போய்வருவார்). எது லாபம்?

பதில்: வரிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், தம்பி. கம்பனிக் காரின் விலையில் ஒரு பங்கை உங்கள் வருமானம் என்று எடுத்து அதற்கு வரி போடுவார்கள். எலெக்ட்ரிக் காருக்கு அந்தப் பங்கு 2026-27இல் 4 சதவீதம். 36,000இல் அது 1,440 பவுண். நீங்கள் 20 சதவீத வரிக்காரர் என்றால் வருடம் 288, மாதம் 24 பவுண். பெற்றோல் கார் என்றால் அந்த 4 என்பது 37 வரை ஏறும், அப்போது நானே வேண்டாம் என்பேன். உங்கள் 3,600 லாபமல்ல. பெற்றோல், டயர், சர்வீஸ், காரின் விலை இறங்குவது எல்லாம் அதற்குள்தான். வீட்டிலிருந்து டிப்போவுக்குப் போகும் மைலையும் 8,000இல் சேர்த்திருந்தால் கழித்துவிடுங்கள். வரித் திணைக்களத்துக்கு அது உங்கள் சொந்தப் பயணம்.

சரி, இனி அடைப்புக்குறிக்கு வருவோம். கார் ஓட்டாத மனுஷன் மெயின் டிரைவர். ஓட்டுகிற நீங்கள் பேருக்கு இரண்டாம் டிரைவர். நம்மவர் வீடுகளில் இது சாமர்த்தியம் என்று நடக்கிறது, எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். இங்கே சட்டத்தில் இது மோசடி. அப்பா ஃபாரத்தில் வேலைக்காக ஓட்டுவதையும் போட்டிருக்கமாட்டார். வீட்டிலிருந்து ஒரே வேலையிடத்துக்குப் போய்வர மட்டும் எடுத்த இன்சூரன்ஸ், கட்டடம் கட்டடமாக ஓடுவதற்குச் செல்லாது.

ஒருநாள் யாரையாவது இடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இன்சூரன்ஸ்காரன் கேட்கும் முதல் கேள்வி, காலை பத்து மணிக்கு இந்தக் கார் ஏன் அந்தக் கட்டட வாசலில் நின்றது என்பதுதான். இன்சூரன்ஸை ரத்து செய்தால், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்: லைசென்ஸில் 6 தண்டப் புள்ளி, 300 பவுண் அபராதம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாவிட்டால் அந்த 6 புள்ளியோடு லைசென்ஸும் போய்விடும். அது உங்கள் பாடு. அப்பாவின் பாடு? பொய் சொன்ன ஃபாரத்தில் அவர் பெயர். இனி எங்கே இன்சூரன்ஸ் எடுக்கப் போனாலும், முன்பு ரத்தானதா என்று கேட்பார்கள், அவர் ஆம் என்று சொல்லவேண்டும். இரவு முழுக்க கல்லாவுக்குப் பின்னால் நின்று, விடிய பஸ்ஸுக்காகக் குளிரில் காத்திருக்கிறவரைக் கொண்டு நீங்கள் காசு மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். பெற்றவர் மகனுக்காக எதிலும் கையெழுத்துப் போடுவார். அதனால்தான் எதை நீட்டுகிறோம் என்று மகன் பார்க்கவேண்டும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

உங்கள் கணக்கும் அந்தப் பொய்யான பிரீமியத்தின் மேல்தான் நிற்கிறது. 24 வயதுக்காரனை மெயின் டிரைவராக, வேலைப் பயணமும் சேர்த்துப் போட்டு ஒரு விலை கேளுங்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் கம்பனி பார்த்துக்கொண்டால், மாதம் 24 பவுணுக்கு அந்தக் காரை எடுப்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வேலையை விட்டால் காரும் போகும், அவ்வளவுதான்.

கம்பனிக் கார் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே இன்சூரன்ஸ்காரனுக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லிக் கூடுதல் பணத்தைக் கட்டுங்கள். கம்பனிக் கார் வந்ததும் பழைய காரின் சாவியை அப்பாவிடம் கொடுங்கள். இரவு வேலைக்கு அவர் அதில் போகட்டும், மெயின் டிரைவராக. அப்போது பிரீமியம் யார் கட்டுவது என்று இன்னொரு கடிதம் மட்டும் எழுதிவிடாதீர்கள்.