1970-ல் போலந்தின் கால்பந்து கிளப் குர்னிக் ஜாப்ஷே ஐரோப்பிய இறுதிப் போட்டிக்குப் போனது வெறும் பூவா தலையா அதிர்ஷ்டம்தானே?

பூவா தலையா போட்டது உண்மை. ‘வெறும் அதிர்ஷ்டம்’ என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. நீங்கள் அனேகமாக ஒரு நிமிட வீடியோ ஏதாவது பார்த்துவிட்டு இதைக் கேட்டிருப்பீர்கள். அதில் காசு சுண்டுவது மட்டும்தான் வரும். அதற்கு முன்னால் ஆடிய 330 நிமிடம் வராது.

போட்டி, தத்தம் நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை, 1969-70 சீசன். முதல் சுற்றில் கிரீஸின் ஒலிம்பியாகோஸ்: அங்கே 2-2, போலந்தில் 5-0. அடுத்து ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ்: ஜாப்ஷேவுக்குப் பக்கத்து ஊரான ஹோர்ஷூவில் 3-1, கிளாஸ்கோவுக்கே போய் மறுபடியும் 3-1. ரேஞ்சர்ஸின் சொந்த ஐப்ராக்ஸ் மைதானத்தில் மூன்று கோல் போட்டு ஜெயித்த அணியை அதிர்ஷ்டக்கார அணி என்று சொல்வதற்கு மனசு வர வேண்டும். காலிறுதியில் பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோஃபியா: அங்கே 2-3 தோல்வி, போலந்தில் 2-1 வெற்றி. மொத்தம் 4-4. வெளியூரில் குர்னிக் 2 கோல், லெவ்ஸ்கி 1 கோல். மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதிப்படி குர்னிக் மேலே போனது.

இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அரையிறுதிக் குழப்பம் முழுக்க இதில்தான் இருக்கிறது. எதிரணி இத்தாலியின் ரோமா. ரோமில் 1-1. ஹோர்ஷூவில் ரோமாவின் ஃபாபியோ கப்பெல்லோ (பின்னாளில் இங்கிலாந்து அணிக்கே பயிற்சியாளரானவர்) ஆரம்பத்திலேயே பெனால்டியில் கோல் போட்டுவிட்டார். 90-வது நிமிடத்தில் குர்னிக்கின் லுபான்ஸ்கி பெனால்டியில் சமன் செய்தார். ஆக இரண்டு ஆட்டமும் 1-1, வெளியூர் கோலும் ஆளுக்கு ஒன்று. கூடுதல் நேரம். தொடங்கியதுமே லுபான்ஸ்கி இன்னொன்று போட, கடைசி நிமிடத்தில் ஸ்கராட்டி அடித்து ரோமா 2-2 ஆக்கியது.

இங்கேதான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். ரோமாவுக்கு வெளியூரில் 2 கோல், குர்னிக்குக்கு 1, அப்படியென்றால் ரோமாதானே போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அன்றைய விதியில் கூடுதல் நேரத்தில் விழுந்த வெளியூர் கோலுக்குத் தனி மதிப்பு கிடையாது. பிற்பாடு வந்த விதிப்படி பார்த்தால் ரோமாதான் போயிருக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு அணியும் ஒரே விதியைத் தெரிந்துகொண்டுதான் களத்தில் இறங்கின. பிற்கால விதியை எடுத்துப்போய் 1970-க்கு மாட்டுவது நியாயமில்லை.

அதனால் பொது ஊரில் மூன்றாவது ஆட்டம், ஏப்ரல் 22, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க். லுபான்ஸ்கி ஒன்று, மறுபடியும் கப்பெல்லோ பெனால்டியில் ஒன்று. 120 நிமிடம் ஆடியும் 1-1. ஆக மூன்று ஆட்டமும் சேர்த்து 90, 120, 120, மொத்தம் 330 நிமிடம். ஆட்டத்தை முடிக்கப் பெனால்டி உதைகள் அப்போது இல்லை, அவை அடுத்த சீசனில்தான் வந்தன. மிச்சம் இருந்த ஒரே வழி சுண்டுவது. கேப்டன் ஸ்தானிஸ்வாவ் ஓஷ்லிஸ்வோ கேட்ட பக்கம் விழுந்தது.

ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 29, வியன்னாவில் மழையில் இறுதிப் போட்டி. பார்க்க வந்தவர்கள் 8,000 பேர்கூட இல்லை. எதிரணியான இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி தன் அரையிறுதியை ஏப்ரல் 15-லேயே ஷால்கேயை 5-1 என்று அடித்து முடித்துவிட்டது. இறுதியில் சிட்டிக்கு நீல் யங் ஒன்று, ஃபிரான்சிஸ் லீ பெனால்டியில் ஒன்று. 68-வது நிமிடத்தில் ஒரு கோல் திருப்பிப் போட்டது யார்? காசு சுண்டியதில் ஜெயித்த அதே ஓஷ்லிஸ்வோ. 2-1 தோல்வி. சிட்டி அன்றைக்கு நன்றாகவே ஆடியது, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த அணி திடீரென்று முளைத்ததல்ல. 1945 வரை ஜெர்மனியில், ஹிண்டன்புர்க் என்ற பெயரில் இருந்த ஊர் ஜாப்ஷே. அங்கே 1948 டிசம்பரில் உள்ளூர்ச் சிறு சங்கங்களை இணைத்துத் தொடங்கிய கிளப் இது. குர்னிக் என்றால் சுரங்கத் தொழிலாளி. நிலக்கரிச் சுரங்கங்கள்தான் அதைத் தாங்கின. ஆட்டக்காரர்கள் காகிதத்தில் சுரங்க ஊழியர்கள், சம்பளம் அங்கிருந்து. 1957-க்கும் 1988-க்கும் இடையில் 14 லீக் பட்டம், அதில் 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து. போலந்துக் கோப்பையும் 1968 முதல் 1972 வரை தொடர்ந்து ஐந்து. லுபான்ஸ்கி 1963-ல் நார்வேயை 9-0 என்று வென்ற ஆட்டத்தில் போலந்துக்காக இறங்கிக் கோல் போட்டபோது வயது 16. அதே 1970 வசந்தத்தில் இன்னொரு போலந்துக் கிளப்பான லெகியா வார்சாவும் லீக் சாம்பியன்களுக்கான ஐரோப்பியக் கோப்பையில் அரையிறுதி வரை போய் நெதர்லாந்தின் ஃபெயனூர்டிடம் தோற்றது. போலந்துக் கால்பந்தே அப்போது அந்த உயரத்தில் இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுபவர்கள் Górnik Zabrze என்ற எழுத்தை ஆங்கிலம்போலப் படித்து ‘சாப்ரசே’, ‘கோர்னிக்’ என்று எழுதுவதை நிறுத்தலாம். போலிஷ் மொழியில் மேலே கோடு போட்ட ‘ஓ’வை ‘உ’ என்றுதான் படிக்க வேண்டும். ‘ஆர்’ பக்கத்தில் ‘இசட்’ வந்தால் இரண்டும் சேர்ந்து ‘ஷ’வுக்குப் பக்கத்தில் வரும் ஒரே ஒலி. குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ நம் ‘வ’ மாதிரி. ‘லோட்ஸ்’ என்று நாம் எழுதும் ஊரை அங்கே ‘வூச்’ என்கிறார்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர் பெயர் என்றால் தேடிப்பார்த்துச் சரியாக எழுதுகிறோம், போலந்துக்காரர் பெயருக்கும் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கலாம்.