சம்பா கோதுமையில் குளூட்டன் இல்லை என்று சொல்லி விற்கிறார்கள், நம்பலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: வீடு வீடாக வந்து விற்கும் ஒருவர், சம்பா கோதுமை மாவு ஆராய்ச்சிக்காரர்கள் கை படாத ஆதி இரகம், மாவை இழுபட வைக்கும் புரதமான குளூட்டனே கிடையாது, இனிப்பு நீர் உள்ள உங்கள் அப்பா பயமில்லாமல் சாப்பிடலாம் என்கிறாராம். ஆட்டா மாவைவிட மூன்று மடங்கு விலை. வாங்கலாமா?

ருசிக்காக வாங்குங்கள் அம்மா. அவர் சொன்ன காரணங்களுக்காக வேண்டாம்.

பழைய இனம் என்பது உண்மைதான். மகாராஷ்டிரத்தில் கப்ளி என்பார்கள். மேற்கு ஆசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரான எம்மர் கோதுமை இது. உமி மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கதிரடித்தால் மட்டும் பிரியாது, தனியாகக் குத்தி எடுக்க வேண்டும், விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கை படாதது என்பது கதை. நெட்டையாக வளரும் பழைய பயிர் உரம் போட்டால் சாய்ந்துவிடும் என்பதால், கர்நாடகத்தில் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் டிடிகே 1025, டிடிகே 1029 என்று குட்டை இரகங்களை உருவாக்கியது. இன்று சம்பா என்று வரும் மூட்டையில் அவையும் இருக்கலாம். அதில் ஒரு தப்பும் இல்லை, விளைவிக்கிறவருக்கும் வயிறு இருக்கிறதே.

சாதாரண கோதுமையின் கதையும் அப்படித்தான். 1905இல் பீகாரின் பூசாவுக்கு வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியேலும் நாட்டுக் கோதுமைகளிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்துப் புதிய இரகங்களைக் கொடுத்தார்கள். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இந்தியாவுக்கு வந்தது. அந்தக் குட்டைத்தன்மை ஜப்பானின் நோரின் 10 இரகத்திலிருந்து எடுத்தது. எல்லாம் ஒட்டுச்சேர்த்ததும் தேர்ந்தெடுத்ததும்தான், குளூட்டனை யாரும் புதிதாகக் கொண்டுவந்து செருகவில்லை.

கோதுமை என்றால் குளூட்டன் உண்டு, சம்பாவிலும் உண்டு. அதன் குளூட்டன் கொஞ்சம் வலுக்குறைவு, மாவு இழுபடாது. அதையே பிசைந்து காட்டி, பாருங்கள் குளூட்டன் இல்லை என்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்! வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய், அதாவது குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய், இருந்தால் இந்த மாவு ஒரு கரண்டிகூடக் கூடாது, அதே ஆலையில் அரைத்த அரிசி மாவும் கூடாது, அதே பலகையில் தேய்த்ததும் கூடாது. வயிறு வலிக்காவிட்டாலும் உள்ளே குடல் கெடும். சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.

குளூட்டன் உள்ள தானியத்தை லேபிளில் போட வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. மூட்டையைப் பிரித்து வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டு வாசலில் விற்பவரை யார் வந்து பார்க்கிறார்கள்? புகார் கொடுக்கப் போனால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது, அதற்குள் அவர் அடுத்த தாமான் குடியிருப்புக்குப் போய்விடுகிறார். லேபிள் இருந்தாலும் 'தெப்போங் கண்டும்' (மலாயில் கோதுமை மாவு) என்று மட்டும் போட்டால் எந்தக் கோதுமை என்று யாருக்குத் தெரியும்? இறக்குமதி செய்தவர் பெயர் இல்லாத பையைத் தொடாதீர்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். தவிட்டோடு அரைத்ததாக இருந்தால் மைதாவைவிட நல்லது, சரி, ஆனாலும் அதுவும் மாவுச்சத்துதான், எண்ணிக்கை இல்லாமல் சப்பாத்தி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் பாருங்கள், அந்த எண்ணைக் கிளினிக்கில் காட்டுங்கள். விற்பவர் பேச்சைக் கேட்டு மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.