வேலி தாண்டி வரும் வைஃபை: வாசகர் கேள்விகள்

பக்கத்து வீட்டு வைஃபைக்கு பாஸ்வேர்ட் இல்லை. உயர்தரம் படிக்கிறேன், பாஸ்ட் பேப்பர் இறக்கத்தான் பாவிக்கிறேன். இதுவும் களவா? (வட்டக்கச்சி)

படலை திறந்து கிடக்கிறது என்று யாரும் உள்ளே போய் மாங்காய் ஆய்வதில்லையே. கிணற்றில் ஒரு வாளி அள்ளுவது போலத்தானே என்பீர்கள். கிணறு விடியமுன் ஊறிவிடும். டேட்டா இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் மாதிரி, அளந்து வருவது. இரவில் நீங்கள் மடையைத் திருப்பினால் அடுத்தவர் வயல் காயும். வினாத்தாள் சில எம்பிதான், அது பெரிதில்லை. ஆனால் போன் வைஃபையைக் கண்டதும் ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் என்று தானாகத் தொடங்கிவிடும். அவர்களுடைய பக்கேஜைக் குடிப்பது அதுதான்.

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அதிகாரமில்லை என்று தெரிந்துகொண்டே கணினியொன்றை அணுகுவது குற்றம். ஒரு லட்சம் ரூபா வரை தண்டம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பின்னேரம் போய், "அக்கா, படிக்கிறதுக்குக் கொஞ்சம் பாவிக்கட்டோ?" என்று கேளுங்கள். அநேகமாகத் தேத்தண்ணியும் கிடைக்கும்.

மாதம் முடியமுன் டேட்டா முடிகிறது. பக்கத்து வீட்டுப் பெடியளில்தான் சந்தேகம். (புதுக்குடியிருப்பு)

முதலில் பாருங்கள், பிறகு சந்தேகப்படலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டிய துண்டில் 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே நுழைந்தால் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று தெரியும். இப்படித்தான் ஒரு வீட்டில் 'கள்ளனை'ப் பிடிக்கப் போனேன். பட்டியலில் அந்நியர் எவருமில்லை. அவர்களின் டிவியே விடிய விடிய யூடியூப் ஓட்டிக்கொண்டிருந்தது!

வேறு ஆள்தான் என்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்கள் போன் நம்பரை மட்டும் வைக்காதீர்கள், அது ஊருக்கே தெரியும். பாஸ்வேர்ட் அடிக்காமலே ரவுட்டரில் இணைய விடும் டபிள்யூ.பி.எஸ். (WPS) வசதியையும் நிறுத்துங்கள். அதன் 8 இலக்க பின் (PIN) நம்பரை அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்த சங்கதி.

பக்கத்து வீட்டு அண்ணை பாஸ்வேர்ட் தந்தவர். மச்சானுக்கும் குடுக்கலாமோ? (ஒட்டுசுட்டான்)

கூடாது. மச்சான் ஏடாகூடமாக எதையாவது போட்டால், இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பிடித்து வருபவர்கள் தட்டப்போவது அண்ணையின் படலையைத்தான்.

லண்டனிலிருந்து பொங்கலுக்கு வந்த அயலவர், "நாங்கள் நிக்குமட்டும் பாவியுங்கோ" என்றார்கள். போய்விட்டார்கள், வைஃபை இன்னும் வேலை செய்கிறது. (வற்றாப்பளை)

நிக்குமட்டும் என்றால் நிக்குமட்டும்தான். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்; மாதக் கட்டணம் ஓடுவதை அவர்களே மறந்திருக்கக்கூடும். பதில் வரும்வரை உங்கள் போனிலிருந்து அந்த வைஃபையை அழித்து வையுங்கள்.