மூன்றாவது முயற்சிக்கு வந்த மஞ்சள் அட்டை

அன்புள்ள அண்ணா,

மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். ஸ்குவாட் (தோளில் பாரோடு உட்கார்ந்து எழுவது) 180, பெஞ்ச் (படுத்து நெஞ்சிலிருந்து அழுத்துவது) 110, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) 215 கிலோ தூக்குவேன். போன மாதம் முதல் முறையாக வலுதூக்கும் போட்டியில் கலந்துகொண்டேன். ஐபிஎஃப் (சர்வதேச வலுதூக்கும் கூட்டமைப்பு) விதிகள்தான், 83 கிலோ பிரிவு. ஸ்குவாட்டில் 170-இல் ஆரம்பித்தேன். மூன்று முறையும் எடையோடு எழுந்து நின்றேன், மூன்று முறையும் சிவப்பு விளக்கு, அதாவது செல்லாது. முதல் இரண்டுக்கும் சிவப்பு அட்டை காட்டினார்கள், மூன்றாவதுக்கு மஞ்சள். அத்தோடு டோட்டல் (மூன்று தூக்கலின் கூட்டுத்தொகை) போச்சு. என் ஜிம் வீடியோக்களைப் பார்த்த எல்லோரும் ஆழம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். அங்கே ஜெயித்தவர்கள் எல்லாம் நடுவர்களுக்குத் தெரிந்த பையன்கள். அடுத்த போட்டி ஒன்பது வாரத்தில் வருகிறது. இப்போது 78 கிலோ இருக்கிறேன், 74-க்கு இறங்கினால் பதக்கம் நிச்சயம் என்கிறான் நண்பன். பெஞ்சில் ஏதோ புது விதி வந்திருக்கிறதாம். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

மஞ்சள் அட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம் அது. எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

ஸ்குவாட்டில் சிவப்பு அட்டை வந்தால் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். சமமாக இருந்தால் போதாது. மஞ்சள் அட்டை வேறு வகைத் தப்புகளுக்கு: கால் நகர்வது, கட்டளை வருவதற்கு முன் பாரை, அதாவது எடைக் கம்பியை, ரேக் என்கிற தாங்கியில் வைப்பது மாதிரி. ஆக, மூன்றாவது முயற்சியில் நீங்கள் வேண்டிய ஆழத்துக்குப் போய்விட்டீர்கள். அதே எடை, அதே நடுவர்கள். உங்களைக் கவிழ்க்க நினைத்தவர்கள் என்றால் மூன்றாவது தடவையும் சிவப்பு அட்டையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். எழுந்து நின்றதும், ஜிம்மில் எப்போதும் செய்வதுபோல, அப்படியே முன்னால் நடந்து பாரை வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நடுவர் ‘ரேக்’ என்று சொல்லிக் கையை அசைக்கும்வரை முழங்காலைப் பூட்டி நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடியைக் காத்திருக்காததில் உங்கள் டோட்டல் போயிருக்கிறது.

நடுவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவர் முன்னால், இருவர் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து, தனித்தனியாக விளக்கைப் போடுகிறார்கள். மூன்றில் இரண்டு வெள்ளை விழுந்தால் போதும். ‘தெரிந்த பையன்கள்’ பற்றி ஒன்று: வருடக்கணக்கில் போட்டிக்குப் போட்டி வந்து நிற்கிறவனை நடுவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இன்னும் நாலு போட்டி போனால் உங்களையும் தெரியும். அப்போது புதிதாக வந்து தோற்ற ஒரு பையன் உங்களைப் பற்றியும் இதையே சொல்வான்.

சரி, வீடியோவுக்கு வருவோம். போனை எங்கே வைத்து எடுக்கிறீர்கள்? பெரும்பாலும் தரையில், தண்ணீர் பாட்டில் மேலோ டம்பெல் மேலோ சாய்த்து, முன்பக்கமாகக் கொஞ்சம் கோணத்தில் வைப்பார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பது முழங்கால், தள்ளி இருப்பது இடுப்பு. கீழேயிருந்து அண்ணாந்து எடுக்கும்போது கிட்டத்தில் இருப்பது படத்தில் மேலே ஏறித் தெரியும். முழங்கால் மேலே தெரிந்தால் இடுப்பு தானாகக் கீழே போனது போல ஆகிவிடும். நாலு விரல் உயரத்தில் நின்றுபோன ஸ்குவாட் கூட அருமையான ஆழமாகத் தெரியும். போனை நேர் பக்கவாட்டில், நீங்கள் கீழே உட்காரும்போது முழங்கால் இருக்கும் உயரத்துக்கு, ஒரு பெஞ்சின் மேல் வையுங்கள். தொளதொள பேன்ட்டைக் கழற்றிவிட்டு, போட்டிக்குப் போடும் சிங்லெட்டிலோ ஒட்டிய ஷார்ட்ஸிலோ எடுங்கள். பார்ப்பதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பக்கத்து நடுவர் பார்த்தது அதைத்தான்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். நீங்கள் இப்போதைக்கு 180 தூக்குகிறவர் இல்லை. 180-ஐ வைத்துக்கொண்டு முக்கால் தூரம் போய்வருகிறவர். உண்மையான எண் 155 ஆக இருக்கலாம், 160 ஆகவும் இருக்கலாம், அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கணுக்கால் இறுக்கம், இடுப்பு எலும்பின் அமைப்பு என்றெல்லாம் யாராவது வந்து சொல்வார்கள். 60 கிலோ வார்ம்-அப்பில் தாராளமாகக் கீழே போகிறீர்களா? போகிறீர்கள் என்றால் கணுக்காலில் ஒரு குறையும் இல்லை. எடை ஏற ஏறப் பயத்தில் ஆழம் குறைகிறது, அவ்வளவுதான். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் கதை என்பது என் அனுபவம்.

அடுத்த விஷயம், ஆரம்ப எடை. இந்த விளையாட்டில் ஒரு முயற்சியில் தவறினால் அதே எடையை மறுபடி எடுக்கலாம், கூட்டலாம், குறைக்க மட்டும் முடியாது. 170 என்று எழுதிக் கொடுத்ததுமே உங்களுக்குத் திரும்பி வர வழி அடைபட்டுவிட்டது. 140-இல் ஆரம்பித்திருந்தால் முதல் முயற்சி சொதப்பினாலும் இரண்டாவதில் சரிசெய்து டோட்டலில் உட்கார்ந்திருப்பீர்கள். ஓப்பனர், அதாவது ஆரம்ப எடை, மோசமாகத் தூங்கி எழுந்த நாளிலும் சரியான ஆழத்தோடு மூன்று ரெப் (மூன்று தடவை) அடிக்கக்கூடிய எடையாக இருக்கட்டும். ஜிம் நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். உண்மையான எண் 155 என்று தெரியவந்தால் 140, 150, கடைசியாக 155 அல்லது 157.5. முயற்சி முடிந்ததும் அடுத்த எடையைச் சொல்ல ஒரே நிமிடம்தான் தருவார்கள், அதனால் முதல் முயற்சி சுலபமாக இருந்தால் ஒரு எண், கஷ்டமாக இருந்தால் ஒரு எண் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். மேடையிலிருந்து இறங்கும்போது யாருக்கும் மூளை ஓடாது.

ஒன்பது வாரத்தில் என்ன செய்யலாம்? முதல் இரண்டு வாரம் ஸ்குவாட்டில் 110, 120 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். கீழே போய் இரண்டு விநாடி நின்று எழுங்கள், மூன்று மூன்று ரெப்பாக, வாரம் இரண்டு நாள். கீழே நிற்கப் பழகியவனுக்கு ஆழத்தைப் பற்றிய பயம் போய்விடும். மூன்றாவது வாரத்திலிருந்து எடையை ஏற்றலாம், ஆனால் ஒரு நிபந்தனை: பக்கவாட்டு வீடியோவில் ஆழம் இல்லாத ரெப் கணக்கில் சேராது, அன்றைக்கு அதற்கு மேல் எடை ஏறவும் கூடாது. நாலாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு கனமான சிங்கிள் (ஒரே ஒரு ரெப்), கட்டளையோடு. நண்பர் எதிரில் நின்று ‘ஸ்குவாட்’ என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும், ‘ரேக்’ என்ற பிறகுதான் நடக்க வேண்டும். வேண்டுமென்றே தாமதமாகச் சொல்லச் சொல்லுங்கள். தோற்கும் வரை முக்கும் சிங்கிள் வேண்டாம், உள்ளே இன்னும் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும்.

கடைசி கனமான டெட்லிஃப்ட் போட்டிக்கு பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, ஸ்குவாட் எட்டுப் பத்து நாள் முன்பு, பெஞ்ச் ஒரு வாரத்துக்கு முன்பு. அப்புறம் செட்டுகளைப் பாதியாகக் குறையுங்கள். கடைசி வாரத்தில் கை துறுதுறுக்கும், ‘இன்னொரு தடவை பார்த்துவிடலாமே’ என்று தோன்றும். அந்த வாரத்தில் பலம் எதுவும் அதிகமாகப் போவதில்லை, களைப்புதான் இறங்க வேண்டும்.

பெஞ்ச் விதி வதந்தி இல்லை. 2023 முதல் ஐபிஎஃப்பில் பார் நெஞ்சைத் தொட்டால் மட்டும் போதாது, முழங்கையின் அடிப்பகுதி தோளின் மேற்பரப்புக்குச் சமமாகவோ அதற்குக் கீழோ வர வேண்டும். முதுகை வில்லாக வளைத்து, பிடியை அகலமாக்கி, பாரை நாலு அங்குலம் மட்டும் நகர்த்தியவர்களுக்காக வந்த விதி அது. நீங்கள் சாதாரண வளைவோடு அழுத்துகிறவர் என்றால் உங்களை அது தொடாது. உங்களுக்கு ஆபத்து ‘பிரஸ்’ கட்டளைதான். நெஞ்சில் பார் அசையாமல் நின்ற பிறகே நடுவர் சொல்வார். ஜிம்மில் தொட்டதும் தெறிக்கவிட்டு 110 அடிக்கிறவருக்கு நிறுத்தி அடிக்கும்போது 5 கிலோவாவது, சிலருக்கு 10 கிலோகூட, குறையும். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழகாதீர்கள். எல்லா நடுவரும் ஒரே வேகத்தில் சொல்வதில்லை. காதால் கேட்டு அழுத்தப் பழகுங்கள். டெட்லிஃப்ட்டில் ஒரே கட்டளை, ‘டவுன்’. அது வரும்வரை பிடித்துக்கொண்டிருங்கள், இறக்கும்போதும் கையை விட்டுவிடாதீர்கள்.

74-க்கு இறங்குவது பற்றி: வேண்டாம். ஐபிஎஃப் போட்டியில் உங்கள் பிரிவு ஆரம்பிப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் எடை பார்க்கத் தொடங்குவார்கள். முந்தின நாளே எடை பார்க்கும் அமைப்புகள் உண்டு, நண்பர் கேள்விப்பட்டது அங்கே நடப்பதாக இருக்கும். தண்ணீரைக் குறைத்து 4 கிலோ இறக்கியவர், அந்தக் கொஞ்ச நேரத்தில் குடித்து நிரப்பிக்கொண்டு ஸ்குவாட்டுக்குப் போய் நிற்பதெல்லாம் நடக்காது. இன்னும் ஒரு டோட்டல்கூடப் பதிவாகாதவருக்கு எடைப்பிரிவு ஒரு பிரச்சினையே இல்லை. 78-ஓடு 83-இல் நில்லுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். ஒரு சின்ன ஆறுதல், இரண்டு பேர் டோட்டல் சமமாக வந்தால் உடல் எடை குறைந்தவருக்குத்தான் முன்னிடம்.

வார்ம்-அப் நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் என்றால் ஒரு சுற்று ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார். ஓப்பனரை இறக்கிவிட்டீர்கள் என்றால் நீங்கள் சீக்கிரமே அழைக்கப்படலாம், பழைய நினைப்பில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

கிட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். பெல்ட் 10 செ.மீ. அகலத்துக்கும் 13 மி.மீ. தடிமனுக்கும் மேல் போகக் கூடாது, முழங்காலில் போடும் ஸ்லீவ் 7 மி.மீ. வரைதான். டெட்லிஃப்ட்டுக்கு முழங்காலுக்குக் கீழ்வரை வரும் சாக்ஸ் வேண்டும். எல்லாத் தயாரிப்பும் அனுமதிக்கப்படுவதில்லை, வாங்குவதற்கு முன் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டுவிடுங்கள். கையில் சுற்றும் ஸ்ட்ராப்புக்கு அனுமதியே கிடையாது. அந்த 215 ஸ்ட்ராப் போட்டுத் தூக்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி என்றால் இன்றைக்கே அதைக் கழற்றிவிட்டு வெறும் கையால் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள்.